வடிவங்களை நிறுத்தவரின் ஊர்: சிரக்கூஸில் ஆறு நாட்கள்

முதல் நாள்

கட்டானியா விமான நிலையத்தில் இறங்கித் தெற்கே செல்லும் பேருந்தில் ஏறினேன். பனி மூடிய எட்னா எரிமலை பின்பக்கக் கண்ணாடியில் நெடுநேரம் கூடவே வந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்துக்குப் பிறகு சிரக்கூஸ் வந்து சேர்ந்தேன். சிசிலித் தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள இந்த ஊரை இத்தாலியர் இன்று சிராக்கூசா என்று அழைக்கிறார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரத்துக் கிரேக்கர் இதை நிறுவினர். ஏறத்தாழ கி.மு. 287இல் இங்கே பிறந்து, கி.மு. 212இல் இங்கேயே வாளால் வெட்டுண்டு இறந்த கிரேக்கக் கணித அறிஞர் ஆர்க்கிமிடீஸுக்காகவே நான் வந்திருக்கிறேன்.

அவர் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் குளியல் தொட்டிதான் நினைவுக்கு வரும். எனக்குத் தராசு நினைவுக்கு வரும். என் அப்பா தராசு பழுதுபார்த்துக் குடும்பம் நடத்தியவர். ஒரு தராசு கைக்கு வந்தவுடன் அவர் முதலில் செய்வது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு தட்டுகளிலும் எடையை வைத்து முள் நடுவில் நிற்பதைப் பார்த்துவிட்டு, இடத்தட்டில் இருந்ததை வலத்தட்டுக்கும் வலத்தட்டில் இருந்ததை இடத்தட்டுக்கும் மாற்றி வைப்பார். முள் மறுபடியும் நடுவில் நின்றால் தராசு நேர்மையானது. சாய்ந்தால் கோலின் ஒரு கை நீளம். பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாத அவருக்கு இது எங்கிருந்து தெரிந்தது என்று நான் கேட்டதில்லை.

பழைய நகரம் ஒர்த்திஜியா என்னும் சிறு தீவில் இருக்கிறது. பாலங்கள் அதை நிலத்தோடு இணைக்கின்றன. பாலம் கடந்ததும் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் அப்பல்லோ கோயில் இடிபாடுகள் எதிர்ப்படுகின்றன. அதன் பக்கத்திலேயே காலைச் சந்தை. மீன், எலுமிச்சை, ஆரஞ்சு, உப்பிட்ட கேப்பர் மொட்டுகள் எல்லாவற்றையும் மின்னணுத் தராசில்தான் நிறுக்கிறார்கள். ஒரே ஒரு பழக்கடையின் கம்பியில் மட்டும் துருவேறிய வெள்ளிக்கோல் ஒன்று தொங்கியது. குட்டைக் கையில் கொக்கி, நெட்டைக் கையில் கோடுகள், அதில் நகர்த்தும் ஒரு குண்டு. முதியவரான கடைக்காரரிடம் சைகையால் கேட்டேன். 'ஸ்டடேரா' என்று பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

தராசைக் கிரேக்கர் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முன்பே எகிப்திய ஓவியங்களில் தராசு தொங்குகிறது. கிரேக்கர் செய்தது, அது ஏன் நிற்கிறது, ஏன் சாய்கிறது என்று கேட்டதுதான். அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கிவந்தாலும் அவருடைய வழிவந்த ஒருவர் எழுதியதாகப் பெரும்பாலோர் கருதும் 'இயந்திரவியல் வினாக்கள்' என்னும் சிறு நூலின் முதல் வினாவே, பெரிய தராசு சிறிய தராசைவிட ஏன் நுட்பமானது என்பது. கோல் நீளமானால் அதன் நுனி பெரிய வட்டத்தில் நகர்கிறது, ஆகவே சிறு எடை வேறுபாடும் கண்ணுக்குத் தெரியும் அசைவாக மாறுகிறது என்கிறது விடை. அதே இடத்தில் நூலாசிரியர் ஊதாச் சாயம் விற்பவர்களின் தில்லுமுல்லுகளையும் சொல்லிவிடுகிறார். கயிற்றைக் கோலின் நடுவில் கட்டாமல் சற்றுத் தள்ளிக் கட்டுவார்களாம். ஒரு கையில் ஈயத்தை ஊற்றிவைப்பார்களாம். மரத்தின் வேர்ப்பக்கத்துக் கனமான பகுதி ஒரு கையில் வருமாறு கோலைச் செதுக்குவார்களாம். இதைப் படித்த நாளில் அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் மூன்றாவது தந்திரம் மட்டும் அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள்

காலையிலிருந்து மழை. தேவாலயத்தை மட்டும் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன். தேவாலயம் என்று சொன்னாலும், உள்ளே நிற்பது கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுந்த அதீனா கோயில்தான். டோரிக் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பிக் கிறித்தவர்கள் அதைத் தங்கள் ஆலயமாக்கிக்கொண்டார்கள். 1693ஆம் ஆண்டின் நிலநடுக்கத்துக்குப் பிறகு முகப்பு புதிதாகக் கட்டப்பட்டது. பக்கச் சுவரில் பாதி புதைந்தும் பாதி வெளியே துருத்தியும் நிற்கும் தூண்களில் சில நேராக இல்லை. அவற்றை ஆர்க்கிமிடீஸ் தினமும் கடந்து நடந்திருப்பார்.

மழை விடாததால் அறை மேசையில் வேலையைத் தொடங்கினேன். ஒரு 30 சென்டிமீட்டர் அளவுகோல், ஒரு பென்சில், கீழே வரவேற்பறையில் தாளை மாற்றி வாங்கிய எட்டு ஒரு-யூரோ நாணயங்கள். இவ்வளவு போதும், 'தளங்களின் சமநிலை' என்னும் ஆர்க்கிமிடீஸின் நூலில் நெம்புகோல் விதி எப்படிப் பிறக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க.

இரண்டு பகுதிகள் கொண்ட அந்நூல் ஏழு எடுகோள்களோடு தொடங்குகிறது. முதல் எடுகோள் எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்தது: சமமான எடைகள் சமமான தொலைவில் தொங்கினால் சமநிலையில் நிற்கும், சமமற்ற தொலைவில் தொங்கினால் தொலைவில் இருப்பதன் பக்கம் சாயும். இதில் சோதனை இல்லை, அளவீடு இல்லை, இரும்போ மரமோ இல்லை. இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும்போது ஒரு பக்கம் சாய்வதற்குக் காரணமே இல்லை என்ற ஒத்தமைவு மட்டுமே இருக்கிறது. யூக்ளிட் அலெக்சாந்திரியாவில் தொகுத்த 13 நூல்களின் நடையிலேயே, எடுகோளிலிருந்து தேற்றத்துக்கும் அதிலிருந்து அடுத்த தேற்றத்துக்கும் படிப்படியாக ஏறி, 6ஆம் தேற்றத்தில் அவர் விதியை அடைகிறார்: எடைகள் சமநிலையில் நிற்க வேண்டுமானால் அவற்றின் தொலைவுகள் எடைகளுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றுபோல இருக்கும் எடைகளிலிருந்து வேறுபட்ட எடைகளுக்கு எப்படித் தாண்டினார் என்பதில்தான் அழகு இருக்கிறது. அளவுகோலில் எட்டு நாணயங்களையும் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக வைத்தேன். முதல் நாணயத்தின் மையம் 4.5இல், கடைசியின் மையம் 25.5இல். வரிசை முழுவதும் ஒரே சீராக இருப்பதால் அதன் நடு 15இல் விழுகிறது. பென்சிலை அங்கே வைத்தால் அளவுகோல் நிற்க வேண்டும். இப்போது இடப்பக்கத்து ஆறு நாணயங்களை மட்டும் தனியாகப் பார்த்தால் அவற்றுக்கும் ஒரு நடு உண்டு, அது 12. மீதமுள்ள இரண்டின் நடு 24. ஆறையும் 12இன் மேல் ஒரே அடுக்காகவும் இரண்டையும் 24இன் மேல் ஒரே அடுக்காகவும் மாற்றி வைத்தேன். பென்சிலிலிருந்து ஆறு நாணயங்கள் மூன்று சென்டிமீட்டரில், இரண்டு நாணயங்கள் ஒன்பது சென்டிமீட்டரில். ஆறும் மூன்றும் பெருக்கினால் பதினெட்டு. இரண்டும் ஒன்பதும் பெருக்கினாலும் பதினெட்டு. சமநிலை கெடவில்லை.

கெடவில்லை என்று எழுதிவிட்டேன். உண்மையில் அளவுகோல் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. அதுவும் கிரேக்கர் அறிந்ததுதான். மேலிருந்து கயிற்றில் தொங்கும் கோல் சாய்த்துவிட்டாலும் மட்டத்துக்குத் திரும்புகிறது, கீழிருந்து தாங்கப்படும் கோல் ஏன் திரும்புவதில்லை என்பது 'இயந்திரவியல் வினாக்க'ளில் இரண்டாவது வினா. அளவுகோலின் நடுவில் இருந்த துளையில் நூல் கோத்துத் தொங்கவிட்ட பிறகுதான் என் நாணயங்கள் அடங்கின.

ஆறு நாணயங்களைத் தங்கள் நடுவில் குவித்தாலும் எதுவும் மாறாது என்று ஏற்றுக்கொள்ளும்போதே விதியின் ஒரு பகுதியை மறைவாக ஏற்றுக்கொண்டுவிடுகிறோம் என்று ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 19ஆம் நூற்றாண்டில் குறை கூறினார். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த நிறுவலும் ஏதோ ஒன்றை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும்; ஆர்க்கிமிடீஸ் ஏற்றுக்கொண்டது எவ்வளவு சிறியது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடுத்து வரும் 7ஆம் தேற்றத்தில், பொது அளவே இல்லாத இரு எடைகளுக்கும், அதாவது நாணயங்களைப் போல் சம துண்டுகளாக எண்ண முடியாத எடைகளுக்கும், இதே விதி பொருந்தும் என்று காட்டுகிறார். சந்தையில் யாருக்கும் அது தேவையில்லை. சதுரத்தின் பக்கமும் மூலைவிட்டமும் பொது அளவற்றவை என்று கண்டுகொண்ட ஒரு மரபில் வந்தவருக்கு அதை விட்டுவிட மனம் வந்திருக்காது.

அதன் பிறகு எடைகளின் இடத்தில் உருவங்கள் வந்துவிடுகின்றன. இணைகரத்தின் ஈர்ப்பு மையம் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் இருக்கிறது; முக்கோணத்தின் மையம், உச்சிகளிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு இழுக்கும் நடுக்கோடுகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. பிறகு சரிவகம், இரண்டாம் பகுதி முழுவதும் பரவளையத் துண்டுகள். கனமே இல்லாத கோடுகளுக்கும் பரப்புகளுக்கும் அவர் எடை கொடுத்துவிட்டார். இந்த வரியை எழுதும்போதும் மழை நிற்கவில்லை.

மூன்றாம் நாள்

நெயாபொலிஸ் தொல்லியல் பூங்கா. பாறையிலேயே குடைந்த கிரேக்க அரங்கம் வெள்ளையாக வெயிலில் கிடந்தது. நடைவழிச் சுவரில் அரச குடும்பத்தாரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன: மன்னர் இரண்டாம் ஹீரோன், அரசி பிலிஸ்டிஸ், இளவரசன் கெலோனின் மனைவி நெரெயிஸ். அண்டம் முழுவதையும் நிரப்ப எத்தனை மணல் துகள்கள் வேண்டும் என்று கணக்கிட்டு, இன்றைய முறையில் 1க்குப் பின் 63 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணுக்குள் அது அடங்கும் என்று காட்டிய 'மணல் கணக்கர்' என்னும் நூலை ஆர்க்கிமிடீஸ் அந்தக் கெலோனுக்குத்தான் எழுதினார். அரங்கத்துக்கு அருகே ஹீரோன் கட்டிய பலிபீடம் ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்துக்குத் தரைமட்டமாய்க் கிடக்கிறது. 'டயோனிசியஸின் காது' என்னும் குகையில் ஒரு பள்ளிக் குழு எதிரொலிக்காகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்ததால் விரைவிலேயே வெளியே வந்துவிட்டேன்.

ஹீரோனின் பெயருக்கு முன்னால் நின்றால் கிரீடக் கதையைத் தவிர்க்க முடியாது. கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று மன்னர் கேட்டதும், ஆர்க்கிமிடீஸ் தொட்டியில் இறங்கியபோது நீர் வழிந்ததும், அவர் ஆடையின்றித் தெருவில் ஓடியதும் விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவை. ஆர்க்கிமிடீஸின் எந்த நூலிலும் இது இல்லை. அதைவிட எனக்கு உறுத்துவது கணக்கு. ஒரு கிலோ எடையுள்ள கிரீடம் முழுவதும் தங்கமானால் அதன் கனஅளவு சுமார் 52 கன சென்டிமீட்டர். அதில் 300 கிராம் வெள்ளி கலந்திருந்தால் சுமார் 65. வேறுபாடு வெறும் 13. கிரீடம் மூழ்குவதற்கு 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பாத்திரமாவது வேண்டும். அதில் நீர்மட்ட வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட வராது. நீரின் விளிம்பில் வளையும் பரப்பும், ஒட்டிக்கொள்ளும் குமிழிகளும் அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

தராசின் ஒரு தட்டில் கிரீடத்தையும் மறு தட்டில் அதே எடையுள்ள தூய தங்கத்தையும் வைத்து, இரண்டையும் நீரில் அமிழ்த்தினால் நிலைமை வேறு. வெளியே சமமாக நின்ற கோல் நீருக்குள் 13 கிராம் அளவுக்குச் சாயும். நகைக்கடைத் தராசில் 13 கிராம் என்பது மலை. 1586இல், 22 வயதில், கலிலியோ எழுதிய 'சிறு தராசு' என்னும் கட்டுரை இதையே சொல்கிறது: வழியும் நீரை அளப்பது ஆர்க்கிமிடீஸின் கூர்மைக்குப் பொருந்தாத முரட்டு வழி, அவர் தராசைத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும். மிதக்கும் பொருள்கள் பற்றிய அவருடைய நூல் ஒரு பொருள் நீரில் இழக்கும் எடை, அது விலக்கிய நீரின் எடைக்குச் சமம் என்று நிறுவியிருப்பதால், கலிலியோவின் ஊகம் சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆடையில்லாத ஓட்டத்தைத்தான் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது.

நான்காம் நாள்

நகரிலிருந்து எட்டு கிலோமீட்டர் அளவில் எபிப்பொலே மேட்டின் மேற்கு முனையில் யூரியாலஸ் கோட்டை இருக்கிறது. பேருந்தில் பெல்வெடேரே வரை சென்று, பிறகு ஏறுவெயிலில் நடந்தேன். கார்த்தேஜியருக்கு அஞ்சி, இந்நகரை ஆண்ட முதலாம் டயோனிசியஸ் கி.மு. 402ஐ ஒட்டி இம்மேட்டைச் சுவரால் வளைக்கத் தொடங்கினார். வடபக்கச் சுவரை 60,000 பேர் 20 நாட்களில் எழுப்பினார்கள் என்று வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதுகிறார். பாறையில் வெட்டிய அகழிகளும், வீரர்கள் வெளியே தெரியாமல் ஓடுவதற்கான நிலவறைப் பாதைகளும் இன்னும் இருக்கின்றன. கோட்டை மேட்டில் நின்றால் நகரமும் இரண்டு துறைமுகங்களும் ஒரே பார்வையில் அடங்கும்.

கி.மு. 213இல் ரோமானியத் தளபதி மார்செல்லஸ் கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் தாக்கியபோது, ஆர்க்கிமிடீஸின் பொறிகள் அவரைத் தடுத்து நிறுத்திய கதையை வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விரிவாகச் சொல்கிறார். தொலைவுக்கு ஏற்பப் பெரியதும் சிறியதுமாகக் கல்லெறியும் பொறிகள் இருந்தன. சுவருக்கு வெளியே நீளும் உத்திரத்தின் நுனியில் சங்கிலியில் தொங்கிய இரும்புக் கை கப்பலின் முன்பகுதியைப் பற்றியதும், சுவருக்கு உள்ளே இருந்தவர்கள் உத்திரத்தின் மறுமுனையைக் கீழே அழுத்துவார்கள். கப்பல் முகம் மேலே எழுந்து செங்குத்தாக நிற்கும். சங்கிலியை விட்டவுடன் சரிந்து நீரில் மூழ்கும். முந்தாநாள் என் மேசையில் இருந்த அளவுகோல்தான் இது, நாணயங்களின் இடத்தில் ஒரு போர்க்கப்பல். என் கப்பல்களைக் கொண்டு அவர் கடல்நீர் மொள்கிறார் என்று மார்செல்லஸே கேலி பேசினாராம். கண்ணாடிகளால் கப்பல்களை எரித்தார் என்ற புகழ்பெற்ற கதை பாலிபியஸிடமும் இல்லை, லிவியிடமும் இல்லை, புளூட்டார்க்கிடமும் இல்லை; ஆகவே நான் அதை இங்கே மேலும் பேசப்போவதில்லை.

நகரம் விழுந்த விதம்தான் இந்த மேட்டில் நிற்கும்போது நெஞ்சைப் பிடிக்கிறது. பொறிகளுக்கு முன் தோற்ற ரோமானியர் முற்றுகையிட்டுக் காத்திருந்தார்கள். கைதி ஒருவரை மீட்பதற்கான பேச்சுவார்த்தை ஒரு கோபுரத்தருகே பலமுறை நடந்தது. அங்கே வந்துபோன ரோமானிய வீரர் ஒருவர், சுவரின் கற்கள் ஒரே உயரத்தில் சீராக அடுக்கப்பட்டிருப்பதைக் கவனித்தார். ஒரு கல்லின் உயரத்தைக் கண்ணால் மதித்து, வரிசைகளை எண்ணி, பெருக்கிப் பார்த்தார். எல்லோரும் நினைத்ததைவிடச் சுவர் தாழ்ந்தது. சாதாரண ஏணி போதும். பிறகு ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் மூன்று நாள் திருவிழா வந்தது. உணவுத் தட்டுப்பாட்டிலும் மது மட்டும் தாராளமாகக் கிடைத்தது. காவலர்கள் குடித்துக் கிடந்த இரவில் ஏணிகள் சுவரில் சாய்ந்தன. இந்த யூரியாலஸ் கோட்டையின் தலைவர் போரிடாமலேயே சில நாட்களில் இதை ஒப்படைத்துவிட்டார். உலகின் தலைசிறந்த வடிவியலாளர் காவல் காத்த நகரத்தின் மதில், ஒரு கல்லின் உயரத்தை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கிய ஒருவரிடம் தோற்றது.

மாலையில் ஒர்த்திஜியாவின் நடுவிலுள்ள ஆர்க்கிமிடீஸ் சதுக்கத்துக்குச் சென்றேன். சதுக்கத்தின் நடுவில் ஒரு பெரிய நீரூற்றுச் சிற்பம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்பி ஜூலியோ மொஸ்கெட்டி வடித்தது. அதன் உச்சியில் வில்லோடு நிற்பவர் டயானா, அதாவது கிரேக்கரின் ஆர்ட்டெமிஸ். பெயர் அவருக்கு, இடம் தெய்வத்துக்கு.

ஐந்தாம் நாள்

இன்று கல்லறை. வரைபடத்தில் 'ஆர்க்கிமிடீஸின் கல்லறை' என்று குறித்திருக்கும் இடம் உண்மையில் அவருடையது அன்று. கிரொட்டிச்செல்லே இடுகாட்டில் பாறையைக் குடைந்து முக்கோண முகப்பு செதுக்கிய ரோமானியர் காலத்துச் சாம்பற்கலக் கூடம் அது. கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

உண்மையான கல்லறையைக் கடைசியாகப் பார்த்ததாக எழுதிவைத்தவர் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. கி.மு. 75இல் சிசிலியில் நிதி அதிகாரியாக இருந்தபோது அவர் அதைத் தேடினார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று ஊரார் சாதித்தார்கள். நகர வாயில் ஒன்றின் அருகே கல்லறைகள் நிறைந்த இடத்தில், முட்புதருக்கு மேலே சற்றே எட்டிப் பார்த்த ஒரு சிறு தூணும் அதன் மேல் ஒரு கோளமும் உருளையும் அவர் கண்ணில் பட்டன. அரிவாளோடு ஆட்களை அனுப்பிப் புதரை வெட்டச் செய்து அருகே போனபோது, அதில் பொறித்திருந்த செய்யுளின் வரிகளில் பின்பாதி தேய்ந்திருந்தது. இறந்து 137 ஆண்டுகளில் சொந்த ஊரே அவரை மறந்துவிட்டிருந்தது.

கல்லறைமேல் அந்த இரண்டு வடிவங்களை வைக்கும்படி கேட்டவர் அவரே என்கிறார் புளூட்டார்க். ஒரு கோளம் கச்சிதமாக அடங்கும் உருளையில் கோளத்தின் கனஅளவு மூன்றில் இரண்டு பங்கு. மேற்பரப்பும் அதே மூன்றில் இரண்டு பங்கு. 'கோளமும் உருளையும்' என்னும் நூலில் இதை அவர் மாசற்ற வடிவியல் முறையில் நிறுவியிருக்கிறார். ஆனால் அதைப் படிப்பவருக்கு, இவர் முதலில் எப்படித்தான் இதைக் கண்டார் என்ற திகைப்பே மிஞ்சும். விடை அலெக்சாந்திரியாவில் இருந்த அறிஞர் எரடோஸ்தனீஸுக்கு அவர் எழுதிய ஒரு மடலில் இருந்தது. அந்த மடல் உலகத்துக்குத் தெரியாமலேயே போயிருக்கும். 10ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட அதன் படி, 1229இல் சுரண்டப்பட்டு அதன் மேலேயே வழிபாட்டு நூல் எழுதப்பட்டது. 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபெர்க் இஸ்தான்புல்லில் மங்கிய அடி எழுத்துகளைக் கண்டு படித்தார். பிறகு காணாமல்போன அச்சுவடி 1998இல் நியூயார்க் ஏலத்தில் இருபது லட்சம் டாலருக்கு விற்றது. பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் ஆய்ந்தார்கள். மையில் இருந்த இரும்பை எக்ஸ் கதிரால் ஒளிரச் செய்து மறைந்த வரிகளையும் மீட்டார்கள்.

அந்த மடலில் ஆர்க்கிமிடீஸ் கோளத்தைத் தராசில் வைக்கிறார். எண்களால் சொல்லிப் பார்க்கிறேன். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம். அதே 10 சென்டிமீட்டர் உயரமும், அடியில் 10 சென்டிமீட்டர் ஆரமும் கொண்ட ஒரு கூம்பு. அதே அடியும் உயரமும் கொண்ட ஒரு பெரிய உருளை. கூம்பின் உச்சி கோளத்தின் விளிம்பைத் தொடும் புள்ளியையே தராசின் ஆதாரப் புள்ளியாகக் கொண்டு, உருளையை ஒரு கையின் நெடுக்கே படுக்கவைக்கிறார். இப்போது அப்புள்ளியிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி மூன்றையும் ஒரே வெட்டாக வெட்டினால் மூன்று வட்டத் தகடுகள் கிடைக்கும். வட்டங்களின் பரப்பை ஒப்பிட ஆரத்தின் வர்க்கம் போதும். கோளத் தகட்டுக்கு 3ஐ 7ஆல் பெருக்கி 21. கூம்புத் தகட்டுக்கு 3இன் வர்க்கம் 9. இரண்டும் சேர்ந்து 30. உருளைத் தகட்டுக்கு 100. இந்த 30ஐத் தூக்கி மறு கையின் கோடியில், 10 சென்டிமீட்டரில் மாட்டினால் பெருக்கம் 300. உருளைத் தகடு தன் இடத்திலேயே, 3 சென்டிமீட்டரில் இருக்கட்டும். 100ஐ 3ஆல் பெருக்கினாலும் 300. சமநிலை. 3க்குப் பதில் எந்தத் தொலைவில் வெட்டினாலும் இதுவே நடக்கிறது. வேறு எண்களைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

தகடுகள் ஒவ்வொன்றும் சமன் செய்கின்றன என்றால் முழு உருவங்களும் சமன் செய்யும். கோளமும் கூம்பும் 10 சென்டிமீட்டரில் தொங்குகின்றன; உருளையின் ஈர்ப்பு மையம் அதன் நடுவில், 5 சென்டிமீட்டரில். ஆகவே கோளமும் கூம்பும் சேர்ந்து உருளையில் பாதி. கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பது முன்பே தெரியும். அதை முதலில் சொன்னவர் தத்துவஞானி டெமாக்ரிடஸ், நிறுவியவர் கணித அறிஞர் யூடாக்சஸ், சொன்னவருக்கும் புகழில் சிறிதல்லாத பங்கு உண்டு என்று அதே மடலில் ஆர்க்கிமிடீஸ் எழுதுகிறார். பாதியில் மூன்றில் ஒன்றைக் கழித்தால் ஆறில் ஒன்று, அதுவே கோளம். இந்தப் பெரிய உருளை, கோளத்துக்குக் கச்சிதமான உருளையைப் போல நான்கு மடங்கு. ஆறில் ஒன்றை நான்கால் பெருக்கினால் மூன்றில் இரண்டு. கல்லறைக் கல் இங்கிருந்துதான் வந்தது.

இவ்வளவு கண்ட பிறகும் இது நிறுவல் ஆகாது என்று அவர் சொல்லிவிடுகிறார். ஒரு கன உருவத்தைத் தடிமனில்லாத தகடுகளின் கூட்டமாகப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு யூடாக்சஸின் மரபில் இடமில்லை. தராசு விடையைக் காட்டித் தரும், விடையை முன்பே அறிந்தவருக்கு நிறுவலைத் தேடுவது எளிது, ஆனால் நிறுவலை வடிவியலே தர வேண்டும் என்பது அவர் கொள்கை. பரவளையத் துண்டின் பரப்பு அதனுள் வரைந்த முக்கோணத்தைப் போல மூன்றில் நான்கு மடங்கு என்பதை வேறொரு நூலில் முதலில் நெம்புகோலாலும் பின்னர் தூய வடிவியலாலும் என இரண்டு முறை நிறுவியிருக்கிறார். என் அப்பா தட்டுகளை மாற்றி வைத்து இரண்டாம் முறை நிறுத்ததும் இதே பிடிவாதம்தான் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அப்பாவுக்கு அது கூலிக்குச் செய்த வேலை, அவ்வளவுதான்.

ஆறாம் நாள்

கட்டானியா பேருந்து பிற்பகலில்தான். காலையில் சந்தைக்குப் போனேன். வெள்ளிக்கோல் அதே கம்பியில் தொங்கியது. இரண்டு கிலோ ஆரஞ்சு கேட்டுவிட்டு மின்னணுத் தராசைக் காட்டாமல் அதைக் காட்டினேன். முதியவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதைக் கழற்றித் துணியால் துடைத்து, பையைக் கொக்கியில் மாட்டி, குண்டை ஒரு கோட்டுக்கு நகர்த்தினார். கோல் மட்டத்துக்கு வந்து லேசாக ஆடி நின்றது. சிறு எடை பெரிய இறைச்சியைத் தூக்கி நிற்பது எப்படி என்று 'இயந்திரவியல் வினாக்கள்' கேட்பதும் இத்தகைய கோலைப் பற்றித்தான். என் நாணயங்களைப் போல் அடுக்கை மாற்றாமல் தொலைவை மட்டும் மாற்றிச் சமன் காண்கிறது இது.

அதே பையை மின்னணுத் தராசிலும் வைக்கும்படி சைகை செய்தேன். 1 கிலோ 940 கிராம் காட்டியது. நான் குனிந்து கோலின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னோர் ஆரஞ்சை எடுத்துப் பைக்குள் போட்டார். எட்டு ஒரு-யூரோ நாணயங்களிலிருந்து நான்கை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைத் திருப்பித் தந்தார்.